கலத்துள் ஒரு கலம்

நுழையும்முன்

'கலம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள்கள் பல. உண்ணும் ஏனமும் கலம். கடலில் செல்லும் கப்பலும் கலம். பூணும் அணியும் கலமே. அறிவியல் தமிழ் வளர்ந்தபோது, மின்னாற்றலைத் தேக்கித் தரும் கருவியும் 'மின்கலம்' என்று பெயர் பெற்றது. காற்றை நம்பிச் செல்லும் பாய்மரக்கலத்தினுள் மின்கலத்திற்கு என்ன வேலை? அதனைப் புதுப்பிப்பதும் பேணுவதும் ஏன் உயிர்காக்கும் கடமையாகக் கருதப்படுகின்றன? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

காற்றால் ஓடும் படகில் மின்சாரம்

2024ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து 'தாரிணி' என்னும் பாய்மரப்படகு புறப்பட்டது. ஏறத்தாழ 17 மீட்டர் நீளமுள்ள அப்படகில் இருந்தோர் இருவரே. ஒருவர் லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. மற்றொருவர் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. இந்தியக் கடற்படையைச் சேர்ந்த இவ்விருவரும் உலகைச் சுற்றிவந்து, 2025ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் கோவாவை மீண்டும் அடைந்தனர்.

இத்தகைய நெடும்பயணங்களில் படகை முன்செலுத்துவது காற்றுதான். எனினும் படகை வழிநடத்துவதற்கு மின்சாரம் வேண்டும். ஓரிருவர் மட்டுமே உள்ள படகில் இருபத்துநான்கு மணி நேரமும் சுக்கானைக் கையால் பிடித்திருத்தல் இயலாது. அப்பணியைத் தானியங்கிச் சுக்கான் ஏற்கிறது. இருளில் வரும் பெருங்கப்பல்களுக்குப் படகின் இருப்பை அறிவிப்பவை வழிகாட்டு விளக்குகளும் தானியங்கி அடையாளக் கருவியும் ஆகும். கடல்வரைபடம், ஆழமானி, வானொலி, செயற்கைக்கோள் தொலைபேசி, கடல்நீரை நன்னீராக்கும் கருவி ஆகிய அனைத்தும் மின்சாரத்தாலேயே இயங்குகின்றன. நிலத்தில் மின்சாரம் நின்றால் வீடு இருளும். நடுக்கடலில் மின்சாரம் நின்றால் படகு தன் கண்ணையும் காதையும் குரலையும் ஒருங்கே இழக்கும்.

இதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. மும்பையில் தேக்குமரத்தால் கட்டப்பட்ட 'சுஹைலி' என்னும் சிறுபடகில், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1968ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து தனியே புறப்பட்டார். எங்கும் கரைதொடாமல் உலகைச் சுற்றி, 1969ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் திரும்பினார். தனியொருவராக, இடைநிற்காமல் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே. அப்பயணத்தின்போது மின்கலங்களின் நிலையை அவர் சோதித்துக்கொண்டிருக்கையில் படகு குலுங்கியதால், கலத்திலிருந்த அமிலம் அவர் கண்ணில் தெறித்தது. பார்வை என்னாகுமோ என்னும் கவலையுடன் அவர் பல நாள்கள் பயணம் செய்ய நேர்ந்தது. அவருடைய வானொலியும் செயலிழந்தது. அவர் உயிருடன் இருக்கிறாரா என்பதையே உலகம் மாதக்கணக்கில் அறியவில்லை. மின்கலத்தைக் கையாள்வதில் உள்ள இடரையும், தொடர்பை இழந்த கடலோடியின் நிலையையும் இவ்வொரு பயணமே நமக்கு உணர்த்துகிறது.

செலவை அறிதல்

மின்னமைப்பைப் புதுப்பிக்க விரும்புவோர் முதலில் கடைக்குச் சென்று பெரிய மின்கலம் ஒன்றை வாங்கிவிடுவதுண்டு. அது முறையன்று. வரவு, இருப்பு, செலவு ஆகிய மூன்றும் சேர்ந்ததே மின்னமைப்பு. அவற்றுள் முதலில் அறியவேண்டுவது செலவு.

ஒரு கருவி இழுக்கும் மின்னோட்டத்தை ஆம்பியரில் அளந்து, அது இயங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது ஆம்பியர்-மணி. 12 வோல்ட் அமைப்புடைய, ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுள்ள ஒரு படகின் ஒருநாள் செலவை எடுத்துக்காட்டாகக் காண்போம்.

தானியங்கிச் சுக்கான்: 4 ஆம்பியர் × 20 மணி = 80
குளிர்பதனப் பெட்டி: 5 ஆம்பியர் × 10 மணி = 50
மின்னணு வரைபடமும் அளவிகளும்: 2 ஆம்பியர் × 24 மணி = 48
வானொலியும் அடையாளக் கருவியும்: 1 ஆம்பியர் × 24 மணி = 24
வழிகாட்டு விளக்குகள்: 0.5 ஆம்பியர் × 12 மணி = 6
அறை விளக்குகள்: 1 ஆம்பியர் × 5 மணி = 5
நீரேற்றி: 6 ஆம்பியர் × அரை மணி = 3
மொத்தம் = 216 ஆம்பியர்-மணி

இதனை 12 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 2,600 வாட்-மணி ஆகும். பெருஞ்செலவு எது என்பதை இப்பட்டியல் தெளிவாகக் காட்டுகிறது. அறை விளக்கை அணைத்துச் சேமிப்பது சிறிதே. பாய்களைச் சமநிலையில் கட்டி, சுக்கானின் உழைப்பைக் குறைப்பதும், குளிர்பதனப் பெட்டியின் சுவர்களுக்கு நல்ல வெப்பக்காப்பு இடுவதும் மிகுதியாகச் சேமிக்கும். புதுப்பித்தலின் முதற்படி, செலவைக் குறைத்தலே ஆகும்.

இருப்பு: காரீயக் கலம்

1859ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிவியலாளர் கஸ்தோன் பிளாண்டே, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க காரீய-அமில மின்கலத்தை உருவாக்கினார். இன்றும் பல படகுகளில் இருப்பது அதன் வழித்தோன்றலே. அதில் ஒரு தகடு காரீயம். மற்றொன்று காரீய டைஆக்சைடு. இரண்டும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியுள்ளன. மின்சாரத்தை வெளியிடும்போது இரு தகடுகளின் பரப்பிலும் காரீய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றும்போது இம்மாற்றம் தலைகீழாக நிகழ்கிறது.

ஆகவே, அமிலத்தின் ஒப்படர்த்தியைக் கொண்டே இக்கலத்தின் நிலையை அறியலாம். முழுமையாக மின்னேறிய கலத்தில் அது 1.265 அளவில் இருக்கும். மின்னிறங்க இறங்கக் குறையும். வோல்ட்மானியும் துணைசெய்யும். சில மணி நேரம் பயன்படுத்தாமல் வைத்திருந்த பின் அளந்தால் 12.7 வோல்ட் முழுநிலையையும், 12.2 வோல்ட் ஏறத்தாழப் பாதிநிலையையும் காட்டும்.

பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் காரீயக் கலம் விரைவில் நலிவுறும். இறங்கிய நிலையிலேயே பல நாள் விட்டுவைத்தால், மென்மையாகப் படிந்த சல்பேட் கடினப் படிகங்களாக வளர்ந்துவிடும். அதன்பின் எத்தனை முறை மின்னேற்றினாலும் அது முழுமையாகக் கரையாது. இக்கலங்களுள் பல முதுமையால் சாவதில்லை. அரைவயிற்றுடன் கிடந்தே சாகின்றன.

நம் எடுத்துக்காட்டுப் படகுக்கு ஒருநாள் தேவை 216 ஆம்பியர்-மணி. பாதியை மட்டுமே பயன்படுத்தலாம் என்பதால், 432 ஆம்பியர்-மணி கொள்ளளவு வேண்டும். 100 ஆம்பியர்-மணிக் காரீயக் கலம் ஏறத்தாழ 30 கிலோகிராம் எடையுள்ளது. எனவே மொத்த எடை 130 கிலோகிராம் அளவை எட்டும்.

இருப்பு: லித்தியக் கலம்

1997ஆம் ஆண்டு ஜான் குட்இனஃப் தலைமையிலான அமெரிக்க ஆய்வுக்குழு, லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் சேர்மத்தை மின்கலத்தில் பயன்படுத்தலாம் என்று ஆய்வுக்கட்டுரை வெளியிட்டது. லித்தியம் அயனி மின்கலங்களின் வளர்ச்சிக்காகக் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

லித்தியக் கலங்களுள் பலவகை உண்டு. அவற்றுள் இரும்பு பாஸ்பேட் வகை, வெப்பத்தைத் தாங்குவதில் ஏனைய பலவற்றினும் நிலையானது. தீ என்பது கடலில் தப்பியோட இடமில்லாத இடர் ஆதலால், படகுகளுக்கு இவ்வகையே பெரிதும் விரும்பப்படுகிறது. 3.2 வோல்ட் கலங்கள் நான்கைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட் தொகுப்பு கிடைக்கும். இதன் கொள்ளளவில் 80 விழுக்காட்டை அச்சமின்றிப் பயன்படுத்தலாம். நம் படகுக்கு 270 ஆம்பியர்-மணி போதும். எடை 35 கிலோகிராம் அளவே. காரீயக் கலம் ஆழ்ந்த மின்னிறக்கத்தைச் சில நூறு முறை தாங்கும். இதுவோ சில ஆயிரம் முறை தாங்கும்.

எனினும் இதற்கும் எல்லைகள் உண்டு. அளவுமீறி ஏற்றுதல், அளவுமீறி இறக்குதல், உறைநிலைக்குக் கீழான குளிரில் மின்னேற்றுதல் ஆகிய மூன்றும் இதற்கு ஆகா. இவற்றைத் தடுப்பதற்காகத் தொகுப்பின் காவலனாக மின்கல மேலாண்மை அமைப்பு பொருத்தப்படுகிறது. எல்லை மீறும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டித்துத் தொகுப்பைக் காக்கும். மற்றொன்றும் கருதத்தக்கது. லித்தியக் கலத்தின் மின்னழுத்தம் பெரும்பகுதி நேரம் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்பதால், வோல்ட்மானியைக் கொண்டு இருப்பை அறிய இயலாது. உள்ளே சென்ற ஆம்பியர்களையும் வெளியே வந்த ஆம்பியர்களையும் எண்ணிக் கணக்கிடும் அளவி இன்றியமையாதது.

தெரியுமா?

மின்வேதியியல் ஆய்வுக்கெனத் தமிழ்நாட்டில் இயங்கும் தேசிய நிறுவனம் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ஆகும். 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் இதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடையாக வழங்கினார். மின்கலங்கள் பற்றியும் உலோக அரிமானத்தைத் தடுப்பது பற்றியும் அங்கு ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன.

வரவின் வழிகள்

கடலில் மின்வரவுக்கு வழிகள் சில உண்டு. கதிரொளி, காற்று, நீரோட்டம், படகின் டீசல் எந்திரம் ஆகியன அவை.

சூரிய மின்தகடு ஓசையின்றி உழைப்பது; தேய்வுறும் உறுப்புகள் அற்றது. 400 வாட் தகடுகள், ஒரு நாளில் 4 மணி நேர முழுவெயிலுக்கு ஈடான ஒளியைப் பெற்றால் 1,600 வாட்-மணி கிடைக்கும். மின்னேற்றும் அழுத்தத்தை 13 வோல்ட் எனக் கொண்டால், அது ஏறத்தாழ 120 ஆம்பியர்-மணி ஆகும். ஆனால் பாய்மரத்தின் நிழலோ கயிற்றின் நிழலோ தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் தொடராக இணைந்த கலங்களின் விளைச்சல் பெரிதும் குறையும். ஆதலால் ஒவ்வொரு தகட்டுக்கும் தனித்தனி மின்னேற்றச் சீராக்கி வைப்பது நன்று.

நீர்விசை மின்னியற்றி என்பது படகின் பின்புறம் நீரில் தொங்கும் சிறு சுழலி. படகு ஓடும்போது அது சுழன்று மின்சாரம் தருகிறது. மணிக்கு 5 கடல்மைல் வேகத்தில் 100 வாட் கிடைப்பதாகக் கொண்டால், ஒரு நாளில் 2,400 வாட்-மணி, அதாவது 185 ஆம்பியர்-மணி சேரும். இரவென்றும் பகலென்றும் அது பார்ப்பதில்லை. காற்று வீசிப் படகு ஓடினால் போதும். பிரான்சிலிருந்து தொடங்கும் 'வாந்தே குளோப்' உலகப் பாய்மரப் போட்டியில், 2016-17ஆம் ஆண்டுப் பயணத்தை நியூசிலாந்து வீரர் கான்ராட் கோல்மன் புதைபடிவ எரிபொருள் எதனையும் பயன்படுத்தாமல் நிறைவுசெய்தார். அப்போட்டியின் வரலாற்றில் அவ்வாறு செய்த முதல் வீரர் அவரே.

வெயிலும் காற்றும் ஒருசேரக் கைவிடும் நாள்களும் உண்டு. அப்போது துணைக்கு வருவது டீசல் எந்திரத்தோடு வார்ப்பட்டையால் இணைந்து சுழலும் ஆல்டர்னேட்டர் என்னும் மின்னியற்றி. வேகமாகக் கிடைக்கும் வரவு இதுவே; எரிபொருளை விழுங்கும் வரவும் இதுவே.

மாற்றத்தில் மறைந்துள்ள இடர்

'பழைய காரீயக் கலத்தைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் லித்தியக் கலத்தை வைத்தால் வேலை முடிந்தது' என்று எண்ணுவோர் பலர். இவ்வெண்ணமே பல படகுகளில் மின்னியற்றியைக் கருகச் செய்கிறது. அதற்கான காரணத்தைப் படிப்படியாக ஆராய்வோம்.

காரீயக் கலம் மின்னேறும்போது தன் கொள்ளளவில் 80 விழுக்காடு நிறையும்வரை மின்னோட்டத்தை ஆர்வத்துடன் ஏற்கும். அதன்பின் சிறிது சிறிதாகவே ஏற்கும். நம் படகில் பாதிநிலையிலிருந்து 80 விழுக்காட்டை எட்ட, 60 ஆம்பியர் மின்னோட்டத்தில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்றே கூடுதலாகும். எஞ்சிய பகுதிக்கோ மேலும் பல மணி நேரம் எந்திரத்தை ஓட்டவேண்டும். இது குறையே, ஆயினும் இக்குறையில் மின்னியற்றிக்கு ஒரு நன்மை இருந்தது. கலம் 'போதும்' என்று மறுக்கத் தொடங்கியதும் மின்னியற்றி இளைப்பாறியது.

லித்தியக் கலத்தின் அகமின்தடை மிகக் குறைவு. அது இறுதிவரை சலிக்காமல் மின்னோட்டத்தை ஏற்கும். எனவே மின்னியற்றி தன் முழுத்திறனில் மணிக்கணக்கில் உழைக்க நேர்கிறது. எந்திரம் மெதுவாகச் சுழலும்போது மின்னியற்றியின் குளிர்விசிறியும் மெதுவாகவே சுழலும். வெப்பம் ஏறும், சுருள்களின் காப்புப்பூச்சு கருகும்.

இரண்டாம் இடர் இன்னும் திடீரென நேர்வது. மின்னியற்றி முழுவீச்சில் இயங்கும்போது மேலாண்மை அமைப்பு கலத்தைத் துண்டித்தால், பாய்ந்துகொண்டிருந்த மின்னோட்டத்திற்குச் செல்லிடம் இல்லாமல் போகும். அக்கணமே மின்னழுத்தம் பன்மடங்கு உயர்ந்து, மின்னியற்றியின் டையோடுகளையும் படகின் மின்னணுக் கருவிகளையும் பழுதாக்கக்கூடும்.

இவ்விரு இடர்களையும் தவிர்க்கும் எளிய வழி ஒன்று உண்டு. மின்னியற்றியை எந்திரத் தொடக்கத்திற்கான காரீயக் கலத்துடனேயே இணைத்து வைக்கவேண்டும். அங்கிருந்து நேர்மின்னோட்ட மின்னேற்றி ஒன்றின் வழியாக, அளவான மின்னோட்டத்தை லித்தியத் தொகுப்புக்கு அனுப்பவேண்டும். லித்தியத் தொகுப்பு துண்டிக்கப்பட்டாலும் மின்னியற்றிக்குக் காரீயக் கலம் எப்போதும் துணைநிற்கும். மின்னியற்றியின் வெப்பத்தை உணர்ந்து அதன் உழைப்பைக் குறைக்கும் புறச்சீராக்கியைப் பொருத்துவது மற்றொரு வழி. வீட்டுப் பயன்பாட்டுக் கலமும் எந்திரத் தொடக்கக் கலமும் தனித்தனியே இருப்பதால், ஒன்று வற்றினாலும் எந்திரத்தை இயக்க மற்றொன்று காத்திருக்கும்.

கம்பியும் உருகியும்

மின்கலம் இதயமெனில் கம்பிகள் குருதிக்குழாய்கள். 12 வோல்ட் அமைப்பில் மின்னழுத்த இழப்பு பெருங்குறை. கலத்திலிருந்து 8 மீட்டர் தொலைவில் உள்ள குளிர்பதனப் பெட்டிக்குப் போகவும் வரவும் 16 மீட்டர் கம்பி தேவை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பியின் மின்தடை அத்தொலைவுக்கு 0.112 ஓம். 5 ஆம்பியர் பாயும்போது 0.56 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். இது ஏறத்தாழ 4.7 விழுக்காடு. 6 சதுர மில்லிமீட்டர் கம்பியை இட்டால் இழப்பு 0.23 வோல்ட்டாக, அதாவது 2 விழுக்காட்டிற்குள் அடங்கும். ஒரே கலம், ஒரே கருவி. கம்பி தடித்ததால் மட்டும் கருவி நலமுற இயங்குகிறது.

உப்புக்காற்று வெறும் செம்பை அரித்துவிடும். ஆதலால் படகுகளில் வெள்ளீயம் பூசிய, பல இழைகள் கொண்ட செம்புக்கம்பியே ஏற்றது. ஒற்றை இழைக் கம்பி படகின் ஓயாத அதிர்வில் முறிந்துவிடும்.

உருகி பாதுகாப்பது கருவியை மட்டுமன்று. கம்பி தீப்பற்றாமல் காப்பதே அதன் முதற்கடமை. ஆகவே கலத்தின் நேர்முனைக்கு மிக அருகில் அதனைப் பொருத்தவேண்டும். லித்தியத் தொகுப்பில் குறுக்குச்சுற்று நேர்ந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயக்கூடும். எளிய உருகி உருகிய பின்னும் அதன் இடைவெளியில் மின்பொறி தொடர்ந்து பாயும். அத்துணைப் பெரிய மின்னோட்டத்தையும் அறுத்து நிறுத்த வல்ல உயர்திறன் உருகியே அங்கு வேண்டும்.

பேணுதல்

புதுப்பித்தல் ஒருமுறை செய்வது. பேணுதல் நாள்தோறும் செய்வது. அதன் நெறிகளைத் தொகுத்துக் காண்போம்.

நாள்தோறும் விடியலில் கலத்தின் இருப்பைக் குறித்துவைத்தல் வேண்டும். இரவுச் செலவு முடிந்து பகல் வரவு தொடங்காத நேரம் ஆதலால், அவ்வளவே உண்மை நிலையைக் காட்டும். பல நாள் குறிப்புகளை ஒப்பிட்டால், எங்கோ மறைவில் நிகழும் மின்கசிவும் வெளிப்படும்.

மாதந்தோறும் முனைகளைச் சோதித்தல் வேண்டும். தளர்ந்த இணைப்பு சூடாகும். தொட்டுப்பார்க்கையில் வெப்பமாக உள்ள இணைப்பு நோயுற்ற இணைப்பு. காரீயக் கலத்தின் முனைகளில் படிந்த உப்பைச் சமையல் சோடாக் கரைசலால் துடைத்து, பெட்ரோலியக் களிம்பு பூசவேண்டும். திறந்தவகைக் காரீயக் கலத்தில் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றவேண்டும். தகடுகள் வெளியே தெரிந்தாலன்றி, மின்னேற்றிய பின்னரே நீர் ஊற்றுவது முறை; முன்னரே நிரப்பினால், மின்னேறும்போது விரிவடையும் அமிலம் வழிந்துவிடும்.

காரீயக் கலம் மின்னேறும்போது ஹைட்ரஜன் வளி வெளிப்படும். காற்றில் அது 4 விழுக்காட்டை எட்டினாலே வெடிக்கும் தன்மை பெறும். அது காற்றினும் இலேசானது ஆகையால், கலப்பெட்டியின் மேற்புறத்தில் காற்றோட்டத்திற்கு வழி இருத்தல் வேண்டும். கடல்நீர் கலத்தினுள் புகுந்தால் நச்சுடைய குளோரின் வளி தோன்றும். எனவே கலங்களைப் படகின் அடித்தளத்தில் நீர் தேங்காத உயரத்தில் வைத்து, படகு சாய்ந்தாலும் நகராதவாறு பட்டைகளால் கட்டவேண்டும்.

பழுது பார்க்கும்போது கண்ணாடியும் கையுறையும் அணிதல், மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றுதல், எதிர்முனைக் கம்பியை முதலில் விடுவித்தல் ஆகியவை மீறக்கூடாத விதிகள். சுஹைலியில் நிகழ்ந்தது எந்தப் படகிலும் நிகழலாம்.

பயணமின்றிப் படகு நெடுநாள் நிற்குமாயின், காரீயக் கலத்தை முழுமையாக மின்னேற்றி வைக்கவேண்டும்; லித்தியக் கலத்தையோ பாதியளவில் வைப்பதே நலம். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நோயாகும் என்பதால், இரண்டையும் ஒரே முறையில் பேணுதல் கூடாது.

நிறைவாக

நிலத்தில் வாழும் நாம் விசையை அழுத்தியதும் விளக்கு எரிகிறது. அம்மின்சாரம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு செலவாயிற்று என்று நாம் எண்ணுவதில்லை. கடலோடிக்கோ ஒவ்வோர் ஆம்பியரும் கணக்கில் உள்ளது. வெயில் தந்தது இவ்வளவு, நீர் தந்தது இவ்வளவு, சுக்கான் உண்டது இவ்வளவு என்று அவர் அறிந்திருக்கிறார். வரவு அறிந்து செலவு செய்வதும், பழுது தோன்றும் முன்னரே பேணுவதும், ஓர் உறுப்பை மாற்றும்போது முழு அமைப்பையும் கருதுவதும் கடலுக்கு மட்டும் உரிய அறங்கள் அல்ல. வீட்டுக்கூரையில் சூரியத்தகடு அமைப்போருக்கும் மின்னூர்தி ஓட்டுவோருக்கும் அவை இன்று பொதுவாகின்றன.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டில் உள்ள ஐந்து மின்கருவிகளின் திறனையும் அவை நாள்தோறும் இயங்கும் நேரத்தையும் குறித்து, ஒருநாள் மின்செலவைக் கணக்கிடுக. எதில் சிக்கனம் செய்தால் பயன் மிகுதி என்பதை வகுப்பில் விளக்குக.

2. காரீயக் கலம், லித்தியக் கலம் ஆகியவற்றின் நிறைகுறைகளை ஒப்பிட்டு உரையாடல் வடிவில் எழுதுக.

3. 'கலம்' என்னும் சொல் இடம்பெறும் தமிழ்ச் சொற்களைத் திரட்டி, அவற்றின் பொருள் வேறுபாடுகளை எழுதுக.

4. மின்னியல் தொடர்பாக நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் பிறமொழிச் சொற்கள் பத்தினைப் பட்டியலிட்டு, அவற்றுக்குரிய தமிழ்ச்சொற்களை அறிந்து எழுதுக.